முதுமையில் தளரா நடை



சென்னையின் வட எல்லையில் புழல் என்னும் ஊர் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. பழைய தொண்டை நாட்டின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த ஊர். 2011-ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருவது ஏரியாகத்தான் இருக்கும். 3,300 மில்லியன் கன அடி நீரைத் தாங்கி நிற்கவல்ல ஏரி அது. நகர மக்களின் தாகத்தைத் தணிக்கும் ஏரி.

மழைக்காலத்தில் அவ்வேரி நிரம்பி மதகு திறக்கப்படும்போது, காண்பதற்கு மக்கள் திரள்வார்கள். உபரி நீர் மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கி ஓடும். அப்பொழுது எல்லோரும் நீரையே பார்ப்பார்கள். கரையைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும் ஊரைக் காத்து நிற்பது கரைதான். அது வெள்ள நாளன்று செய்த வேலையால் நிற்பதன்று. கோடையிலே எலி வளைகளை அடைத்து, சரிந்த இடத்தில் மண் கொட்டி, மதகைச் செப்பனிட்டு வைத்தார்களே, அந்த வேலையால் நிற்கிறது. ஊரார் கூடிச் செய்த அப்பணியை நம் முன்னோர் குடிமராமத்து என்றனர்.

நம் உடலுக்கும் அத்தகைய குடிமராமத்து ஒன்று உண்டு. முதியவர்கள் கால் தவறி விழாமல் காப்பது அது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். "முதியோர் பற்றிய பேச்சு எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள். அவர்களைக் காக்கும் கடமையில் உங்களுக்கும் பங்கு உண்டு. அன்பு மிகுதியால் அவர்களுக்குத் தீங்கு செய்து விடுவதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. இதை என் வீட்டிலேயே நான் கற்றுக்கொண்டேன்.

என் அன்னையார் செங்குன்றத்து அரிசி ஆலையில் நெடுங்காலம் உழைத்தவர். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் நடந்து நடந்து காலாலேயே துழாவி உலர்த்தும் வேலை அவருடையது. எழுபதாம் அகவையைக் கடந்த பின்பும் வீட்டு வேலைகளைத் தாமே செய்து வந்தார். ஒரு மார்கழி மாதத்து விடியற்காலையில், கொல்லைப்புறத்துத் துவைகல்லின் அருகே பாசி வழுக்கி விழுந்தார். நற்பேறாக எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியது, இடுப்பில் வலி இருந்தது. இரு கிழமைகளில் இரண்டும் ஆறிவிட்டன.

ஆனால் அதற்குப் பின்பு நாங்கள் செய்த தவறு ஆறுவதற்கு நெடுநாள் ஆயிற்று. "நீ உட்கார் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றோம். அவர் தண்ணீர் மொள்ளச் சென்றால் குடத்தைப் பறித்தோம். கோலம் போடக் குனிந்தால் கோலப்பொடியை வாங்கிக்கொண்டோம். உணவை நாற்காலிக்கே கொண்டு வந்து தந்தோம். அவருக்கும் உள்ளுக்குள் அச்சம் இருந்தது, ஆதலின் மறுக்கவில்லை. நான்கு திங்கள் கழிந்தன. ஒருநாள் கைகளை ஊன்றாமல் அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்பதைக் கண்டேன். விழுந்ததனால் போகாத வலிமை, உட்கார வைத்ததனால் போயிற்று.

இஃது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், நலமுடன் இருந்த பன்னிரண்டு முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்து பார்த்தனர். அவர்களுடைய சராசரி வயது 67. பத்தே நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோகிராம் தசை குறைந்து போயிற்று. முழங்காலை நீட்டும் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மறைந்தது. நோய் ஏதும் இல்லாதவர்களின் நிலையே இது. நோயும் அச்சமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மனிதன் எவ்வாறு விழாமல் நிற்கிறான் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டு சிறு பாதங்களின் மேல் நெடிய உடலை நிறுத்தி வைப்பது எளிய செயல் அன்று. அதற்கு மூன்று காவலர் துணை நிற்கின்றனர். முதற் காவலர் கண்கள். தரை எங்கே, சுவர் எங்கே என்று அவை சொல்கின்றன. இரண்டாம் காவலர் உட்செவி. ஒவ்வொரு செவியின் உள்ளும் மும்மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை எப்பக்கம் திரும்பினாலும் அவற்றினுள் இருக்கும் நீர்மம் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூன்றாம் காவலர் பாதங்களிலும் மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். தரை மேடா பள்ளமா, உடல் எப்பக்கம் சாய்கிறது என்று அவை அறிவிக்கின்றன. மூளை இம்மூவர் கூறுவதையும் கேட்டு, கால் தசைகளுக்கு ஆணை இடுகிறது. அவ்வாணை நொடிப்பொழுதில் நிறைவேறினால் நிற்கிறோம், தாமதமானால் விழுகிறோம்.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுவரின் அருகே ஒற்றைக் காலில் நில்லுங்கள். கண் திறந்திருக்கும்போது எளிதாக நிற்பீர்கள். இப்பொழுது கண்களை மூடுங்கள். சில நொடிகளில் உடல் தள்ளாடும். ஒரு காவலர் விலகியதும், பதினாறு வயதுக் காளையே தள்ளாடுகிறான்! முதுமையிலோ கண்ணில் புரை படர்கிறது. உட்செவியின் கூர்மை குறைகிறது. நீரிழிவு நோய் உள்ளவர்க்குப் பாதத்தின் உணர்வு மங்குகிறது. ஆணையை நிறைவேற்ற வேண்டிய தசையும் மெலிகிறது. மூன்று காவலரும் சோர்ந்திருக்கும் வேளையில் தரையில் சிறிது நீர் சிந்தியிருந்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுதோறும் ஒரு முறையேனும் விழுகின்றனர். உலகெங்கும் விழுந்து இறப்போர் தொகை ஆண்டுக்கு 6 இலட்சத்து 84 ஆயிரம் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் நம் நாட்டைப் போன்ற வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். இறவாமல் பிழைத்தோரிலும் பலர் தொடையெலும்பின் கழுத்து முறிந்து, மீண்டும் தாமே நடக்க இயலாமல் போகின்றனர். முதியோர் பலரைப் பிறர் கையை எதிர்பார்க்க வைப்பது பெருநோய் அன்று; குளியலறையில் நேர்ந்த ஒரு வழுக்கலே.

"முதுமை வந்தால் விழுவது இயற்கைதானே; விதியை யார் வெல்ல முடியும்?" என்பார் பலர். இந்தக் கேள்விக்கு நியூசிலாந்து நாட்டில் நல்ல விடை கிடைத்தது. அந்நாட்டின் தென் தீவில் டனீடின் என்னும் நகரம் இருக்கிறது. அங்குள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வு செய்து, 1997-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 80 வயதும் அதற்கு மேலும் ஆன மூதாட்டியர் 233 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் சென்று, கால் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் நிலைகாக்கும் பயிற்சியையும் கற்றுக் கொடுத்தார். மற்றொரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பும், அன்போடு விசாரித்துச் செல்லும் வருகைகளுமே கிடைத்தன. ஓராண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். பயிற்சி பெறாத பிரிவில் 152 வீழ்ச்சிகள்; பயிற்சி பெற்ற பிரிவில் 88 வீழ்ச்சிகள்!

எண்பது வயதிலும் தசை, கற்பிப்பதைக் கற்றுக்கொள்ளும் என்பதை இவ்வாய்வு காட்டிற்று. பின்னர் 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இதே பயிற்சியை மாவட்டச் செவிலியர் ஒருவர் வீடு வீடாகச் சென்று கற்பித்தார். அங்கும் வீழ்ச்சிகள் குறைந்தன. நன்கு பழக்கப்பட்ட செவிலியரும் இதனைச் செய்விக்கலாம் என்பது அதனால் விளங்கிற்று. 2019-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் அமைப்பு, 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் பங்கு கொண்ட முதியோர் 23,000-க்கும் மேற்பட்டவர். பயிற்சியினால் வீழ்ச்சிகள் 23 விழுக்காடு குறைகின்றன என்பது அதன் முடிவு. நிலைகாக்கும் பயிற்சியோடு தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையக்கூடும் என்றும் அது காட்டிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "என் தாத்தா நாள்தோறும் மாலையில் ஏரிக்கரை வரை உலாவி வருகிறார், அது போதாதா?" என்று கேட்பவர் உண்டு. உலாவுதல் நெஞ்சுக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. ஆனால் உலாவுதல் மட்டுமே வீழ்ச்சியைத் தடுக்கும் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. காரணம் எளியது. நிலைகாத்தலைப் பழக வேண்டுமானால், நிலை சற்றே தடுமாறும்படி நின்று பழக வேண்டும். நீரில் இறங்காமல் நீந்தப் பழகியவர் உண்டா?

அப்பயிற்சிகள்தாம் யாவை? அவற்றுக்குப் பெரிய கூடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. ஆடாத, கனமான ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் இருந்தால் தொடங்கலாம். நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நேராக நீட்டி மடக்குதல், நின்றுகொண்டு காலைப் பின்புறம் மடக்குதல், காலைப் பக்கவாட்டில் உயர்த்துதல், நுனிக்காலில் எழும்புதல், குதிகாலில் நின்று விரல்களை உயர்த்துதல் - இவ்வைந்தும் தசைக்கு. வலிமை கூடக் கூடக் கணுக்காலில் சிறு எடைப் பை கட்டிக்கொள்வார்கள். நிலைகாத்தலுக்கு வேறு பயிற்சிகள் உள்ளன: ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொரு பாதத்தின் விரலோடு ஒட்டி, ஒரே கோட்டில் நிற்றல், அவ்வாறே அடிமேல் அடி வைத்து நடத்தல், பக்கவாட்டில் நடத்தல், பின்னோக்கி நடத்தல், எட்டு வடிவில் நடந்து திரும்புதல், ஒற்றைக் காலில் நிற்றல், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், கிழமைக்கு மூன்று நாள். இவற்றோடு இயன்றவர்கள் கிழமைக்கு இரு நாளேனும் நடைப்பயிற்சியும் செய்வர்.

இதில் படிமுறை வளர்ச்சியே உயிர்நாடி. முதலில் இரு கைகளாலும் நாற்காலியைப் பற்றிக்கொண்டு செய்ய வேண்டும். பின்னர் ஒரு கை. பின்னர் விரல் நுனி. இறுதியில் பற்றுக்கோடு இன்றி. எளிதாகிவிட்ட பயிற்சியையே ஆண்டு முழுதும் செய்துகொண்டிருந்தால் பயன் இல்லை. மாணவர்களாகிய உங்களுக்கு இது புதிதன்று. மூன்றாம் வகுப்புக் கணக்கையே பத்தாம் வகுப்பிலும் போட்டுக்கொண்டிருந்தால் அறிவு வளருமா?

தமிழ்நாட்டில் இதற்கு வழி உண்டா என்று பார்ப்போம். முதியோர் மருத்துவத்தில் சென்னை நெடுங்காலமாகவே முன்னோடி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னின்றவர் மருத்துவர் வி. எஸ். நடராஜன். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென்றே பட்டமேற்படிப்பும் தோன்றிற்று. 2024-ஆம் ஆண்டு கிண்டியில் முதியோர்க்கான தேசிய மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் புழலில் எழுந்து நிற்கவே இயலாத ஒருவர், பேருந்து ஏறிக் கிண்டிக்கு எவ்வாறு செல்வார்? மருத்துவமே அவரைத் தேடி வர வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் அத்தகைய எண்ணத்தில் எழுந்தது. மகளிர் தன்னார்வலர் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து தருவதோடு, இயன்முறை மருத்துவரும் தேவையானவர்களின் வீட்டுக்கு வருவது அத்திட்டத்தின் ஓர் உறுப்பு.

எங்கள் வீட்டுக்கும் அவ்வாறு ஓர் இயன்முறை மருத்துவர் வந்தார், இளம்பெண். என் அன்னையாரை முப்பது நொடியில் எத்தனை முறை கை ஊன்றாமல் எழுந்து அமர முடிகிறது என்று பார்த்தார். எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி பத்து முறையேனும் செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தால் விழும் ஆபத்து மிகுதி என்று கருதுவர். கை ஊன்றாமல் என் அன்னையாரால் ஒரு முறையும் எழ முடியவில்லை. அப்பெண் எங்களைப் பார்த்து, "அம்மாவுக்கு ஓய்வு கொடுத்தது போதும், இனி வேலை கொடுங்கள்" என்றார். கேட்ட எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று முதல் கிழமைக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. தொடக்கத்தில் அன்னையார் சினந்தார். "ஆயுள் முழுதும் களத்தில் நடந்த கால் இது, இதற்கு என்ன பயிற்சி?" என்றார். அவர் கேட்டது நியாயமாகவே தோன்றிற்று. ஆனால் தசையின் வலிமை வங்கியில் இட்ட பணம் அன்று, எடுக்காமல் வைத்தால் வட்டியோடு வளர்வதற்கு. செலவழிக்கச் செலவழிக்க வளர்வதும், செலவழிக்காமல் வைத்தால் கரைவதும் அதன் இயல்பு. பள்ளியில் படிக்கும் என் மகள்தான் பாட்டியின் அருகே நின்று எண்ணிக்கை சொல்வாள். தானும் உடன் செய்வாள். ஒற்றைக் காலில் யார் நெடுநேரம் நிற்பது என்று இருவருக்கும் போட்டி நடக்கும். ஆறு திங்களில் அன்னையார் முப்பது நொடியில் பதினொரு முறை எழுந்து அமர்ந்தார்.

இப்பயிற்சி எல்லா வீழ்ச்சியையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நூறு வீழ்ச்சிகளில் ஏறக்குறைய இருபத்துமூன்று குறையும் என்றால், எழுபத்தேழு எஞ்சியிருக்கின்றன. ஆதலின் வேறு காவல்களும் வேண்டும். கண் புரைக்கு மருத்துவம் செய்விக்க வேண்டும். எழுந்தவுடன் தலை சுற்றினால், உண்ணும் மருந்துகளை மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். குளியலறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கும், பற்றிக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும். பாசி படியும் இடங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நெஞ்சு வலி உடையவர், அடிக்கடி மயங்குபவர், அண்மையில் எலும்பு முறிந்தவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது வேறொருவர் அருகில் நிற்பதும் தேவை. பயிற்சியை இடையில் நிறுத்தினால் பெற்ற பயனும் சிறிது சிறிதாக மறையும். ஒரு கோடை மராமத்துப் பார்த்த கரை, பத்து மழைக்காலத்தைத் தாங்குமா?

மாணவர்களே! 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் வளர்ந்து வருகிறது. இத்தனை பேருக்கும் நாள்தோறும் மருத்துவர் வந்து நிற்க இயலாது. வீட்டில் இருப்பவர்களே நிற்க வேண்டும். தாத்தா எழும்போது ஓடிச்சென்று தூக்கி விடுவது அன்பு என்று இதுவரை எண்ணியிருப்பீர்கள். தாமே எழும் வரை, கைக்கெட்டும் தொலைவில் பொறுமையோடு நிற்பது அதனினும் பெரிய அன்பு. கிழமைக்கு மூன்று நாள், அரை மணி நேரம், உங்களால் முடியும்.

எங்கள் தெருவிலிருந்து கடைவீதிக்குப் போக வேண்டுமானால் பெருநெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். லாரிகள் இடைவிடாமல் செல்லும் சாலை அது. சென்ற மாதம் என் அன்னையார் என் கையைப் பற்றாமல் அதைக் கடந்தார். நான் ஓரடி பின்னே நடந்தேன். மறு கரை சேர்ந்ததும் திரும்பிப் பார்த்து, "ஏன் இப்படி மெதுவாக வருகிறாய்?" என்று கேட்டார்.